650 கிலோமீட்டர் தள்ளி ஒரு லோக்கல் ஸ்டேஷன்

(எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் வெட்டி, ஒழுங்குபடுத்தி இங்கே எழுத்தாகக் கொடுத்திருக்கிறோம். பேச்சு நடையை மாற்றவில்லை.)



போன மாசம் ஒரு ஆபீஸ் கால். மீட்டிங் தொடங்க இன்னும் நாலு நிமிஷம் இருக்கு, எல்லாரும் சும்மா பேசிட்டிருக்கோம். எங்க டீம்ல ஒருத்தர் அமெரிக்காவுல நாஷ்வில்காரர். அவங்க ஊர் கன்ட்ரி மியூசிக் ரேடியோ ஸ்டேஷனைப் பத்திப் பெருமையா சொல்லிட்டிருந்தார். நூறு வருஷமா ஓடுதாம். அவர் தாத்தாவும் அதைத்தான் கேட்டாராம். அப்புறம் என்கிட்ட, "உங்க ஊர்ல அந்த மாதிரி லோக்கல் ஸ்டேஷன் எது?"ன்னு கேட்டார்.

என் ஊர் ஒடுகத்தூர். வேலூர் மாவட்டம், ஜவ்வாது மலை ஓரம், உத்திரகாவிரி ஆறு. யோசிக்காமலே வாயில வந்த பதில்: "சிலோன்."

"அது வேற நாடாச்சே?"ன்னார்.

வேற நாடுதான். அன்னைக்கு ராத்திரி மேப்ல கோடு போட்டுப் பார்த்தேன். ஒடுகத்தூர்லேர்ந்து சென்னை நேர்கோட்டுல சுமார் 150 கிலோமீட்டர். கொழும்பு சுமார் 650. ஆனா எங்க தாத்தா "நம்ம ஸ்டேஷன்"னு சொன்னது மெட்ராஸை இல்லை, கொழும்பை. பக்கத்துல இருந்த ஸ்டேஷன் ஏன் நம்மளதா ஆகலை? கடல் தாண்டி இருந்தது எப்படி ஆச்சு? இன்னைக்கு எபிசோட் இந்த ரெண்டு கேள்விக்குத்தான்.

18 நாள் வித்தியாசம்

நாஷ்வில் ஸ்டேஷனோட பேர் டபிள்யூ.எஸ்.எம். ஆரம்பிச்சது ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி. 1925 நவம்பர் 28-ம் தேதி 77 வயசு பிடில்காரர் ஒருத்தரை மைக் முன்னாடி உட்கார வெச்சு வாசிக்கச் சொன்னாங்க. கிராமத்துப் பாட்டு, கிராமத்து டான்ஸ் மியூசிக். அந்த நிகழ்ச்சிக்கு 1927-ல "கிராண்ட் ஓல் ஓப்ரி"ன்னு பேர் வந்துச்சு. இன்னும் ஓடுது.

கொழும்பு ரேடியோ அதிகாரபூர்வமா ஆரம்பிச்சது 1925 டிசம்பர் 16. அந்த பிடில் வாசிப்புக்கு வெறும் 18 நாள் கழிச்சு.

நம்ம மெட்ராஸ் இந்த ரெண்டுக்கும் முன்னாடி. 1924 ஜூலை 31-ம் தேதியே மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கிருச்சு. அரசாங்கம் இல்லை, ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தினது. ஆனா காசு இல்லாம 1927-ல மூடிட்டாங்க. 1930-லேர்ந்து மெட்ராஸ் மாநகராட்சி அந்த டிரான்ஸ்மிட்டரை எடுத்து ஓட்டுச்சு. 1938-ல ஆல் இந்தியா ரேடியோ மெட்ராஸுக்கு வந்துச்சு.

அதுக்கப்புறம் அரசாங்கம் மட்டும்தான். 1885-ம் வருஷத்து இந்தியத் தந்திச் சட்டப்படி ஒலிபரப்பு உரிமை அரசாங்கத்துக்கிட்ட. அமெரிக்காவுல ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி நம்மூர் பாட்டு போடலாம்னு ஸ்டேஷன் ஆரம்பிக்கலாம். ஆம்பூர்ல ஒரு தோல் கம்பெனிக்கு அதே ஆசை வந்திருந்தாலும் முடிஞ்சிருக்காது. ரேடியோ பெட்டி வெச்சுக்கிட்டு வெறுமனே கேட்கறதுக்கே தபால் ஆபீஸ்ல லைசென்ஸ் கட்டணும். அந்த லைசென்ஸ் முழுசா ஒழிஞ்சது 1980-கள்லதான்.

"நம்மூர்ல ஏன் ஒரு நாட்டுப்பாட்டு ஸ்டேஷன் வரலை?"ங்கிறதுக்கு முதல் பதில் இது. பாட்டுக்குப் பஞ்சம் இல்லை, ஆரம்பிக்கத்தான் அனுமதி இல்லை.

அமைச்சருக்குப் பிடிக்காத பாட்டு

சரி, அரசாங்க ஸ்டேஷனாவது மக்கள் கேட்டதைப் போட்டுச்சா?

1952-ல பி.வி. கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் ஆனார். பத்து வருஷம் அந்தப் பதவியில இருந்தார். சாஸ்திரிய சங்கீதத்து மேல ரொம்பப் பிடிப்பு உள்ளவர். சினிமா பாட்டு தரம் கெட்டது, மேல்நாட்டு மெட்டைக் காப்பியடிக்குதுன்னு அவருக்கு எண்ணம். வானொலியில சினிமா பாட்டுக்கான நேரத்தைக் குறைச்சார். பாட்டைப் போட்டாலும் படத்தோட பேரைச் சொல்லக்கூடாது, சொன்னா அது விளம்பரம்னு சொல்லிட்டாங்க.

படத்தயாரிப்பாளர்களுக்கு வானொலியில பாட்டு வர்றதோட முக்கிய லாபமே படம் பேர் நாலு பேர் காதுல விழறதுதான். அதுவே இல்லைன்னா எதுக்குன்னு அவங்க பாட்டு போட குடுத்திருந்த அனுமதியைத் திரும்ப வாங்கிட்டாங்க. யாரும் "தடை"ன்னு ஒரு ஆர்டர் போடலை. ஆனா கொஞ்ச நாள்ல ஆல் இந்தியா ரேடியோவுல சினிமா பாட்டு கிட்டத்தட்ட காணாமப் போச்சு.

ஒண்ணு சொல்லியாகணும். ஆல் இந்தியா ரேடியோ ஒண்ணுமே செய்யலைன்னு நான் சொல்லலை. கர்நாடக சங்கீதம், கிராமிய இசை, நாடகம், விவசாய நிகழ்ச்சி எல்லாம் அதுலதான் வந்துச்சு. 1960-கள்ல ஆடுதுறை 27-ங்கிற நெல் ரகத்தை ரேடியோ மூலமா பரப்புனதுல, தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயிங்க அதுக்கு "ரேடியோ நெல்"னே பேர் வெச்சாங்க. ஜனங்களுக்கு அந்தப் பெட்டி மேல நம்பிக்கை இருந்துச்சு. ஆனா பாட்டு விஷயத்துல மட்டும், உனக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும்னு ஒரு குரல் மேலேர்ந்து பேசுச்சு.

எங்க தாத்தா இதை ஒரே வரியில சொல்வார்: "சேதி மெட்ராஸ்ல கேளு, பாட்டு சிலோன்ல கேளு."

போர் விட்டுட்டுப் போன மெஷின்

இப்போ கொழும்பு பக்கம் வருவோம். இரண்டாம் உலகப் போர் நேரத்துல மவுண்ட்பேட்டன் தலைமையில தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமையகம் இலங்கையில இருந்துச்சு. ஆசியா பூரா சிதறிக் கிடந்த சிப்பாய்களுக்காக "ரேடியோ சீயாக்"னு ஒரு ஸ்டேஷன் வெச்சாங்க. அதுக்காகக் கொண்டு வந்தது 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர். ஷார்ட் வேவைத்தான் தமிழ்ல சிற்றலைங்கறோம். ஒரு தீவுக்கு மட்டும் பேச அவ்வளவு பெரிய மெஷின் தேவையே இல்லை. ஆசியா முழுக்கப் பேசக் கட்டினது அது.

போர் முடிஞ்சுது. 1949-ல அந்த மெஷின் இலங்கை அரசாங்கம் கைக்கு வந்துச்சு. ரேடியோ சிலோன் பிறந்துச்சு. 1950 செப்டம்பர் 30-ம் தேதி வர்த்தக சேவையை ஆரம்பிச்சாங்க. அதாவது, விளம்பரம் வாங்கி நிகழ்ச்சி போடற சேவை. அதை நடத்தினவர் ஆஸ்திரேலியாவுலேர்ந்து வந்த கிளிஃபர்ட் டாட்.

ரெண்டே வருஷத்துல இந்தியாவுல கேஸ்கர் கதவைச் சாத்தறார். இந்தப் பக்கம் கோடிக்கணக்கான காது, அந்தப் பக்கம் ஆசியா பூரா எட்டற டிரான்ஸ்மிட்டர். நடுவுல விளம்பரம் செய்யக் காத்திருக்கற டூத்பேஸ்ட் கம்பெனி, சோப்பு கம்பெனி, படக் கம்பெனி. அமீன் சயானியோட "பினாகா கீத்மாலா" இந்தியில 1952-ல ஆரம்பிச்சது இப்படித்தான். அவர் பம்பாயில பேசி ரெக்கார்டு பண்ணுவார். டேப் விமானத்துல கொழும்பு போகும். அங்கேர்ந்து ஒலிபரப்பாகி மறுபடி பம்பாய் வீடுகளுக்கே வரும்.

நெட்வொர்க்ல வேலை பார்க்கறவங்களுக்கு இது பழகின சமாச்சாரம். ஒரு லிங்க் அடைச்சா, பாக்கெட் வேற வழி தேடிப் போயிடும். இங்கே அடைச்சது அரசாங்கம், வேற வழி கடல் தாண்டி.

மலையைத் தாண்டி வந்த சத்தம்

என்ஜினீயரிங் படிச்சுட்டு இதை விளக்காமப் போனா தூக்கம் வராது. ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கோங்க.

எஃப்.எம். அலை கிட்டத்தட்ட டார்ச் வெளிச்சம் மாதிரி. நேரா போகும். டவர் 100 மீட்டர் உயரம்னா, சமதரையில அடிவானம் வரைக்கும் சுமார் 40 கிலோமீட்டர் எட்டும். நடுவுல மலை வந்தா நிழல் விழும். எங்க ஊர்ப் பக்கம் மலைக்குக் குறைச்சல் இல்லை. இப்பவும் பஸ்ல வரும்போது டிரைவர் போட்ட எஃப்.எம். பாட்டு ஒரு வளைவுல கரகரன்னு ஆகி, அடுத்த வளைவுல திரும்ப வரும்.

சிற்றலை வேற மாதிரி. அது மேலே போகும். தரையிலேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 400 கிலோமீட்டர் உயரத்துல அயனி மண்டலம்னு ஒண்ணு இருக்கு. சூரிய ஒளி பட்டு, காத்துல உள்ள அணுக்கள் மின்சாரம் ஏறி நிக்கற இடம். அந்த அலையை அது வளைச்சுத் திரும்பக் கீழே அனுப்பும். கூரையில பந்தை எறிஞ்சா எதிர்ச் சுவர் ஓரம் போய் விழற மாதிரி. சில நேரத்துல டிரான்ஸ்மிட்டர் பக்கத்துல இருக்கறவங்களுக்குச் சரியா கேட்காது, சில நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கறவங்களுக்குக் கணீர்னு கேட்கும். மேலேர்ந்து இறங்கற அலைக்கு ஜவ்வாது மலை ஒரு பொருட்டே இல்லை.

மத்திய அலைக்கும் ராத்திரியில இந்தக் குணம் வந்துடும். பகல்ல அதை உறிஞ்சற கீழ் அடுக்கு, பொழுது சாஞ்சதும் கலைஞ்சுடும். பழைய ஆளுங்க "சாயங்காலம் ஆனா ஸ்டேஷன் நல்லா எடுக்கும்"னு சொல்றது பிரமை இல்லை, பௌதிகம்.

சத்தம் ஏறி ஏறி இறங்கும், ஞாபகம் இருக்கா? பழைய படத்துல ரேடியோ சீன் வந்தா அப்படித்தான் காட்டுவாங்க. ஒரே பாட்டு ரெண்டு மூணு வழியில கொஞ்சம் முன்னே பின்னே வந்து சேரும். ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தா சத்தம் கூடும், இடிச்சுக்கிட்டா குறையும். எங்க வீட்டுல அதுக்கு மருந்து, ஏரியல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆள் நிக்கறது. அந்த வேலை பெரும்பாலும் வீட்டுல சின்னப் பையனுக்கு. அதாவது எங்க அப்பாவுக்கு.

பேரைச் சொன்ன குரல்கள்

ஆனா, நல்லா கேட்கற ஸ்டேஷன் எல்லாம் நம்ம ஸ்டேஷன் ஆயிடாது. பீக்கிங்கும் மாஸ்கோவும்கூட சிற்றலையில தமிழ் பேசுச்சு. யாரும் அதை "நம்மளது"ன்னு சொல்லலை.

இலங்கை வானொலியில வித்தியாசம், பேசின ஆளுங்க. எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத். மெட்ராஸ் ஸ்டேஷன்ல குரல் ஒரு அறிவிப்பு மாதிரி வரும், பேசறவர் யாருன்னு முக்கியமில்லை. கொழும்புல பேசறவருக்கு ஒரு பேரும் ஒரு குணமும் இருந்துச்சு. கே.எஸ். ராஜா மூச்சு விடாம வேகமா பேசுவார், ஒரு எழுத்துகூடத் தடுக்காது. அப்துல் ஹமீதோட "பாட்டுக்குப் பாட்டு" நிகழ்ச்சி பின்னாடி டிவிக்கே வந்துச்சு, நம்மள்ல பல பேர் சின்ன வயசுல பார்த்திருப்போம். "வானொலி", "நேயர்", "ஒலிபரப்பு"ங்கிற வார்த்தைங்க எல்லாம் டீக்கடை வரைக்கும் பழகிப் போனதுல இவங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

காலையில "பொங்கும் பூம்புனல்". நேயர் விருப்பம், பிறந்தநாள் வாழ்த்து. பாட்டு முக்கால்வாசி தமிழ்நாட்டு சினிமா பாட்டு. 1976-ல "அன்னக்கிளி" மூலமா இளையராஜா வந்தப்போ, நம்ம நாட்டுப்புற மெட்டே சினிமா பாட்டா அந்தப் பெட்டி வழியா வந்துச்சு. அவங்க ஊர்ப் பாட்டும் இங்கே வந்துச்சு. ஏ.இ. மனோகரனோட "சுராங்கனி" பாதி சிங்களம். அர்த்தம் தெரியாமலே நம்மூர்க் கல்யாணத்துல பாடினாங்க.

எல்லாத்துக்கும் மேல, அவங்க தபாலைப் படிச்சாங்க. ஊர் பேர், ஆள் பேர், கேட்ட பாட்டு. நம்மூர் பேரைச் சென்னையில யாரும் சொன்னதில்லை. கொழும்புல சொன்னாங்க.

ஆயா சொன்ன கதை

எங்க தாத்தா ஆம்பூர் பக்கம் ஒரு தோல் ஷாப்புல வேலை. ஈரத்தோலைத் தூக்கறது, சுண்ணாம்புத் தொட்டியில போடறது. கையில நாத்தம் போகாது. சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் ரேடியோவைத் தொடணும்னு ஆயா சட்டம்.

அவர் கொழும்புக்கு மொத்தம் ஏழு தபால் எழுதினாராம். உள்நாட்டுக் கார்டு செல்லாது, கூடுதல் ஸ்டாம்ப் வேணும். அதனால ரெண்டு மூணு மாசத்துக்கு ஒண்ணு. ஆறு தபாலுக்கு ஒண்ணும் வரலை.

இந்த எபிசோடுக்காக ஆயாகிட்ட கேட்டேன்.

"ஏழாவது படிச்சாங்கடா கண்ணு. ஒடுகத்தூர்னு சொன்னாங்க. ஒங்க தாத்தா பேரு, என் பேரு, ஒங்க அப்பன் பேரு. நான் அரிசி களைஞ்சிட்டிருந்தேன். அப்படியே உக்காந்துட்டேன்."

"தாத்தா என்ன சொன்னார்?"

"அவரு எங்க கேட்டாரு? அன்னைக்கி ஷாப்புல லோடு வந்துடுச்சின்னு நிறுத்தி வெச்சிட்டாங்க. வந்தப்பறம் சொன்னேன். இன்னா பாட்டு போட்டான்னு கேட்டாரு. எனக்கு பாட்டு நெனவில்ல. பேரு சொன்னதுலயே காது அடைச்சிப் போச்சி."

தாத்தா அதுக்கப்புறம் எட்டாவது தபால் எழுதலை. கோபமான்னு கேட்டேன். "இல்லடா. அதான் ஒரு வாட்டி சொல்லிட்டாங்களே"ன்னாங்க.

அதை யாரும் ரெக்கார்டு பண்ணலை. எங்க வீட்டுல டேப் ரெக்கார்டரே கிடையாது. அந்த நிமிஷம் ஆயா காதுல மட்டும்தான் இருக்கு. நாம பண்ற பாட்காஸ்ட் எப்ப வேணா கேட்கலாம், பின்னாடி தள்ளிக் கேட்கலாம், வேகத்தைக் கூட்டிக்கூட கேட்கலாம். தாத்தாவுக்குக் கிடைச்சது ஒரே ஒரு தடவை, அதையும் தவற விட்டார். ஆனாலும் அந்த ஸ்டேஷன் அவரோடதுதான்.

எப்படி முடிஞ்சது

இந்திய அரசாங்கம் சும்மா இருக்கலை. 1957 அக்டோபர் 3-ல விவித பாரதியைத் தொடங்கினாங்க. சிலோனுக்குப் போன காதைத் திருப்பறதுக்குத்தான். 1967-ல பம்பாய், புனே, நாக்பூர்ல விளம்பரமும் ஆரம்பிச்சு, அப்புறம் மத்த ஊருக்கும் வந்துச்சு. அதே 1967-ல ரேடியோ சிலோன் கூட்டுத்தாபனம் ஆச்சு. 1972-ல நாட்டோட பேர் மாறினப்போ இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்னு ஆச்சு. 1975-ல சென்னைக்கு தூர்தர்ஷன் வந்துச்சு. கேட்கறவங்க மெல்ல மெல்லக் கலைஞ்சாங்க.

அங்கே நடந்தது மெல்ல இல்லை. 1983 ஜூலையில கொழும்புத் தமிழர்கள் மேல கலவரம், அதுக்கப்புறம் வருஷக்கணக்கா போர். நம்ம வீட்டுல பாட்டு போட்ட தமிழ்க் குரல்கள் வாழ்ந்த ஊர் அது. கே.எஸ். ராஜா 1994-ல கொழும்புல கொல்லப்பட்டார். இங்கே நாம "ஆஹா, பழைய சிலோன் ரேடியோ"ன்னு நாஸ்டால்ஜியாவா பேசறப்போ இந்தப் பக்கத்தை விட்டுடறோம். நம்ம பேரைப் படிச்சவங்களுக்கு என்ன ஆச்சுன்னு நம்மள்ல பல பேர் திரும்பிக் கேட்டதே இல்லை. நானும் இந்த எபிசோடுக்கு உட்காரும் வரைக்கும் கேட்கலை.

இப்போ?

1995 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம், அலைவரிசை பொதுச்சொத்து, அரசாங்கத்தோட தனிச்சொத்து இல்லைன்னு தீர்ப்பு சொன்னாங்க. 2004 பிப்ரவரி 1-ல சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துல அண்ணா எஃப்.எம். வந்துச்சு, இந்தியாவோட முதல் கேம்பஸ் சமுதாய வானொலி. 2006-லேர்ந்து தொண்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம். சமுதாய வானொலி சுமார் பத்துப் பதினைஞ்சு கிலோமீட்டர்தான் எட்டும். ஒடுகத்தூருக்கும் சுத்தி இருக்கற கிராமத்துக்கும் அது போதும்.

ஆக, தாத்தா காலத்துல சட்டம் தடுத்தது இப்போ தடுக்கலை. பாட்டுக்கும் தட்டுப்பாடு இல்லை, போன்ல கோடிப் பாட்டு இருக்கு. நான் எந்தப் பாட்டைப் பாதியில தள்ளி விடறேன்னுகூட ஆப்புக்குத் தெரியும். ஆனா "ஒடுகத்தூர்லேர்ந்து இவர், ஆயாவுக்காகக் கேட்டிருக்கார்"னு சொல்ல அதுல ஆள் இல்லை. டவர் எவ்வளவு பக்கத்துல இருக்குங்கறதை வெச்சு இல்லை, நம்ம பேர் அங்கே தெரியுமாங்கறதை வெச்சுத்தான் எங்க தாத்தா ஒரு ஸ்டேஷனை லோக்கல்னு முடிவு பண்ணினார். நாஷ்வில்காரருக்கு அடுத்த கால்ல இதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "உங்க தாத்தா என்ன பாட்டு கேட்டிருந்தார்?"னு கேட்டார். அது ஆயாவுக்கே தெரியலைன்னேன்.

ஒரு சின்ன வேலை தரேன். இந்த வாரம் உங்க வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா, போன்ல ரெக்கார்டரை ஆன் பண்ணிட்டு ஒரே கேள்வி கேளுங்க: "எந்த ஸ்டேஷன் கேட்டீங்க, யாரு பேசுவாங்க?" பத்து நிமிஷம் போதும். எங்களுக்கு அனுப்பணும்னு அவசியமில்லை. உங்ககிட்ட இருக்கட்டும்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம். அதுவரைக்கும், வணக்கம்.